புரோஜெஸ்டிரோன் மாத்திரை விழுங்கினால் ஏன் தூக்கம் வருகிறது? ஸ்டீராய்டுகளும் மூளையின் காபா ஏற்பியும்

கேள்வி: நிலாமுற்றம்

நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி. பாடநூலில் படித்ததற்கும் என் உடம்பு காட்டியதற்கும் பொருத்தம் இல்லாததால் இங்கே கேட்கிறேன்.

மாதவிடாய் ஒழுங்கின்மைக்காக மருத்துவர் எனக்கு 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் மாத்திரையை இரவில் விழுங்கச் சொன்னார். முதல் நாள் அதை விழுங்கிவிட்டுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். ஒரே வரியை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. தண்ணீர் குடிக்க எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. சில மாதங்கள் கழித்து, வேறொரு காரணத்துக்காக, அதே மருந்தை அதே அளவில் பிறப்புறுப்பு வழியாக வைத்துக்கொள்ளும்படி மருத்துவர் மாற்றித் தந்தார். அப்போது இந்த மயக்கம் வரவே இல்லை.

ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உயிரணுவுக்குள் நுழைந்து, ஏற்பியோடு சேர்ந்து மரபணுவை இயக்கி, புதிய புரதம் உண்டாகி, அதன் பிறகே பலன் தெரியும் என்றும், அதற்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஆகும் என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, ஒன்றரை மணி நேரத்தில் தலை சுற்றுவது எப்படி?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. புரோஜெஸ்டிரோன் மூளையை அமைதிப்படுத்தும் என்றால், மாதச் சுழற்சியில் அது மிகுந்திருக்கும் பின்பாதியில்தான் என் அக்காள் எரிந்து விழுவதும் காரணமில்லாமல் அழுவதும் ஏன்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: மருந்தியல் ஆசிரியன்

நீங்கள் பாடநூலில் படித்தது பிழையன்று, அது பாதிக்கதை. ஸ்டீராய்டுகளுக்கு மரபணு வழியைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. அது உயிரணுவின் மேற்சவ்விலேயே முடிந்துவிடுவதால், அதன் பலன் நொடிகளில் தெரியும்.

மூளையில் தடுப்பு வேலையைப் பெரும்பாலும் செய்வது காபா என்ற சிறு மூலக்கூறு. அது ஒட்டும் இடங்களுள் முதன்மையானது காபா-ஏ ஏற்பி. ஐந்து புரதத் துணையலகுகள் வட்டமாக நின்று, நடுவே ஒரு துளை விட்டிருக்கும் அமைப்பு அது. காபா ஒட்டியதும் துளை திறக்கிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் பாய்கின்றன. அந்த அணு துடிப்பை எழுப்புவது கடினமாகிறது. டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன்களும், பார்பிட்யூரேட்டுகளும் இந்தத் துளையின் நடத்தையை மாற்றித்தான் தூக்கத்தை வரவழைக்கின்றன.

நீங்கள் விழுங்கிய புரோஜெஸ்டிரோன் தன் சொந்த வடிவில் இந்த ஏற்பியை அவ்வளவாக அசைப்பதில்லை. குடலிலும் கல்லீரலிலும் அது கடந்துபோகும்போது, 5-ஆல்ஃபா-ரிடக்டேஸ் என்ற நொதி முதலில் அதன் ஓர் இரட்டைப் பிணைப்பை நீக்குகிறது. பின்னர் 3-ஆல்ஃபா-ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அதன் மூன்றாம் கார்பனில் உள்ள கீட்டோனை ஹைட்ராக்சிலாக மாற்றுகிறது. இவ்விரு படிகளில் பிறப்பது அல்லோபிரெக்னனலோன். உங்களைச் சுவரைப் பிடிக்க வைத்தது பெரும்பாலும் இதுதான். பிறப்புறுப்பு வழியாக வைக்கும்போது மருந்து கல்லீரலின் முதற்சுற்றைத் தாண்டிவிடுவதால், இந்த வழிப்பொருள் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. உங்கள் இரு அனுபவங்களும் வேறுபட்டதற்குக் காரணம் இதுவே. விழுங்கும் புரோஜெஸ்டிரோனைப் படுக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான்.

அல்லோபிரெக்னனலோன் தனியாள் அன்று. அட்ரினல் சுரப்பியின் டீஆக்ஸிகார்ட்டிகோஸ்டிரோனிலிருந்தும், டெஸ்டோஸ்டிரோனிலிருந்தும் இதே போன்ற இரு படிகளில் காபா-ஏ ஏற்பியைத் தூண்டும் ஸ்டீராய்டுகள் உண்டாகின்றன. நரம்பணுக்களும் அவற்றைச் சூழ்ந்த கிளியா அணுக்களும் இவற்றைத் தாமே ஆக்கிக்கொள்ளவும் வல்லவை. பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியன்-எமில் பொலியே குழுவினர் 1981இல், எலிகளின் அட்ரினலையும் இனப்பெருக்கச் சுரப்பிகளையும் அகற்றிய பிறகும் ஒரு ஸ்டீராய்டு அவற்றின் மூளையில் நீடித்திருப்பதைக் கண்டார்கள். 'நியூரோஸ்டீராய்டு' என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

உங்கள் அக்காவைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. அதை இத்துறையில் நோயாளிகளைப் பார்ப்பவர்களே சொல்லட்டும்.

மறுமொழி: நிலாமுற்றம்

மிக்க நன்றி, ஐயா. ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள். அது ஏற்பியில் ஓர் இடத்தில் ஒட்டுகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? சவ்வில் கரைந்து, சவ்வின் தன்மையையே குலைத்து, அதனால் துளை திறக்கிறது என்று ஏன் கொள்ளக் கூடாது?

மறுமொழி: மயக்கவியல் மருத்துவர்

இந்த ஐயம் எங்கள் துறையில் மிகப் பழையது, நல்ல ஐயமும்கூட. மயக்க மருந்துகள் யாவும் சவ்வின் கொழுப்பைக் குலைத்துத்தான் வேலை செய்கின்றன என்று நெடுங்காலம் நம்பினோம்.

ஸ்டீராய்டு மயக்கத்தைத் தரும் என்பதை 1941இல் ஹான்ஸ் செல்யே எலிகளில் காட்டினார். புரோஜெஸ்டிரோனை மிகுந்த அளவில் செலுத்தியதும் எலிகள் உணர்விழந்தன. அந்த வழியில் வந்த ஆல்ஃபாக்ஸலோன் என்ற ஸ்டீராய்டு, ஆல்த்தெசின் என்ற பெயரில் 1970களில் மனிதர்களுக்குச் சிரைவழி மயக்க மருந்தாகப் பயன்பட்டது. நல்ல மருந்து, விரைவாக மயக்கும், விரைவாகத் தெளியும். ஆனால் அதைக் கரைக்கச் சேர்த்த கிரெமஃபோர் என்ற எண்ணெய்ப் பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியதால் 1984இல் திரும்பப் பெறப்பட்டது. அதே 1984இல்தான் ஹாரிசனும் சிம்மண்ட்ஸும், எலி மூளைத் துண்டில் ஆல்ஃபாக்ஸலோன் காபாவின் பலனைப் பெருக்குவதைக் காட்டினார்கள். அவர்கள் செய்த இன்னொரு சோதனைதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. மூன்றாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் வளையத்தின் கீழ்ப்புறம் நோக்கினால் அது ஆல்ஃபா வடிவம். மேற்புறம் நோக்கினால் பீட்டா வடிவம். இரண்டும் கொழுப்பில் ஏறக்குறைய ஒரே மாதிரி கரையும். ஆயினும் ஆல்ஃபா வடிவம் மயக்குகிறது. பீட்டா வடிவம் மயக்குவதில்லை. சவ்வைக் குலைப்பதுதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வரவே கூடாது.

இதைவிட வலுவான சான்று ஆடிப்பிம்பச் சோதனையில் கிடைத்தது. அல்லோபிரெக்னனலோனின் கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறை ஆய்வகத்தில் ஆக்கிப் பார்த்தார்கள். கொழுப்பில் கரையும் தன்மை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் பிம்பத்தின் வீரியம் மிகக் குறைவு. வலக்கைக்கு அளவெடுத்த உறையில் இடக்கை நுழையாதது போல, புரதத்தில் ஒரு வடிவான குழி இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதும் இன்று தெரியும். லண்டனில் டிரெவர் ஸ்மார்ட் ஆய்வகம் 2006இல், ஆல்ஃபா துணையலகின் முதல் சவ்வூடு சுருளில் உள்ள குளுட்டமின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதும் ஸ்டீராய்டின் பெருக்கும் பலன் போய்விடுவதைக் கண்டது. பின்னர் 2017இல் வெளியான படிக அமைப்புகளில், ஸ்டீராய்டு மூலக்கூறு சவ்வுக்குள் புதைந்த பகுதியில், பீட்டா, ஆல்ஃபா துணையலகுகள் சந்திக்கும் இடுக்கில், ஏறத்தாழ அணுவின் உட்புற விளிம்பருகே அமர்ந்திருப்பது நேரடியாகத் தெரிந்தது. காபா ஒட்டும் இடமும் டயசெபாம் ஒட்டும் இடமும் அணுவுக்கு வெளியே நீண்ட பகுதியில் இருப்பதை இதோடு ஒப்பிடுங்கள். ஆகவே கொழுப்பில் கரைவது இதற்கு வீணான குணம் அன்று. சவ்வுதான் ஸ்டீராய்டு தன் குழிக்குச் செல்லும் பாதை.

மருத்துவ அறையில் இதற்கு ஒரு நேரடிப் பொருள் உண்டு. டயசெபாம் மிகுந்தால் ஃபுளூமசெனில் கொடுத்து முறிப்போம். ஸ்டீராய்டால் வந்த மயக்கத்தை ஃபுளூமசெனில் முறிக்காது, ஏனெனில் இடம் வேறு.

மறுமொழி: கற்றல் வேட்கை

இந்த விளக்கங்களைப் படித்த பிறகு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. டிஹெச்இஏ என்ற மாத்திரை சில நாடுகளில் சத்துப்பொருள் போல விற்கப்படுகிறதே. அதுவும் மூளையில் உண்டாகும் ஸ்டீராய்டுதான் என்கிறார்கள். அதை எடுத்தாலும் மனம் அமைதியாகுமா?

மறுமொழி: மருந்தியல் ஆசிரியன்

ஆகும் என்று எதிர்பார்க்க இடமில்லை, நண்பரே. 'மூளை ஸ்டீராய்டு' என்ற பெயர் ஒன்று, வேலை ஒன்றன்று. டிஹெச்இஏவின் சல்ஃபேட் வடிவமும், புரோஜெஸ்டிரோனின் முன்னோடியான பிரெக்னெனலோனின் சல்ஃபேட் வடிவமும் காபா-ஏ ஏற்பியைத் தடுக்கின்றன, அதாவது தடுப்பையே தடுக்கின்றன. பிரெக்னெனலோன் சல்ஃபேட் இதோடு நில்லாமல், தூண்டும் வேலையைச் செய்யும் என்எம்டிஏ ஏற்பியைப் பெருக்கவும் செய்கிறது. தண்டுவடத்தில் தடுப்பு வேலை செய்யும் கிளைசின் ஏற்பியையும் அடக்குகிறது. ஒரு சல்ஃபேட் தொகுதி சேர்வதால் மூலக்கூறின் போக்கே எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஹார்மோன் மாத்திரையை விழுங்க வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: மனநல மருத்துவர் (பெண்)

நிலாமுற்றம், உங்கள் அக்காவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அவருடைய துன்பம் உண்மையானது. அதற்கு உடலியல் அடிப்படை உண்டு. இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனச்சோர்வுக் கோளாறு உள்ள பெண்களின் இரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறது. வேறுபடுவது அந்த அளவின் ஏற்ற இறக்கத்துக்கு அவர்கள் மூளை காட்டும் எதிர்வினை. பீட்டர் ஷ்மிட் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தால் சூலகத்தின் வேலையை நிறுத்தியதும் பல பெண்களின் அறிகுறிகள் அடங்கின. பின்னர் ஈஸ்ட்ரஜனையோ புரோஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்தபோது அப்பெண்களுக்கு அறிகுறிகள் மீண்டன. அதே ஹார்மோன்களைப் பெற்ற, இக்கோளாறு இல்லாத பெண்களுக்கு எதுவும் நேரவில்லை. 2017இல் அதே குழு மேலும் ஒரு படி போனது: ஹார்மோனை மாறாத அளவில் மூன்று மாதங்கள் தொடர்ந்து கொடுத்தபோது, முதல் மாதத்தில் மட்டுமே அறிகுறிகள் வந்தன, பின் தணிந்தன. தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் அந்த மாற்றமே மூளையை உலுக்குகிறது என்று இதிலிருந்து கொள்கிறோம்.

மூளை ஏன் உலுக்கப்படுகிறது என்று கேட்டால், ஏற்பியின் கட்டுமானமே நிலையானதன்று என்பதுதான் நான் தரக்கூடிய விடை. மனித மரபணுத் தொகுதியில் காபா-ஏ துணையலகுகளுக்கு 19 மரபணுக்கள் உள்ளன. எந்த ஐந்து சேர்கின்றன என்பதைப் பொறுத்து ஏற்பியின் குணம் மாறுகிறது. நரம்பணு இணைப்புக்கு வெளியே, டெல்டா என்ற துணையலகோடு அமைந்த ஏற்பிகள் இருக்கின்றன. இவை ஓயாமல் மெல்லக் கசியும் ஒரு தடுப்பைத் தருகின்றன. இவற்றில் காபா தனியாக இருக்கும்போது துளை முழுத் திறனோடு திறப்பதில்லை. எனவே ஸ்டீராய்டு கூட்டித் தருவதற்கு அங்கே இடம் மிகுதி. டயசெபாம் இவற்றில் வேலை செய்யாது. அதற்குக் காமா துணையலகு வேண்டும். ஸ்டீராய்டு அளவு ஏறி இறங்கும்போது நரம்பணு இந்தத் துணையலகுகளையே மாற்றி அமைத்துக்கொள்கிறது. ஷெரில் ஸ்மித் குழுவினர் 1998இல், எலிகளுக்குப் புரோஜெஸ்டிரோனைக் கொடுத்துவந்து திடீரென நிறுத்தியபோது, ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஆல்ஃபா-4 துணையலகு பெருகி, எலிகள் பதற்றம் கொண்டு, பென்சோடயசெபைனுக்கும் சரிவர இணங்காமல் போனதைக் காட்டினார்கள். பெரும்பாலோருக்கு இந்த மாற்றியமைப்பு ஓசையின்றி நடக்கிறது. சிலருக்கு அது பின்தங்குகிறது அல்லது வேறு வகையில் நடக்கிறது என்பதே என் புரிதல். இதற்குத் துணையாக, 5-ஆல்ஃபா-ரிடக்டேஸைத் தடுக்கும் டூட்டாஸ்டெரைடு என்ற மருந்தை உயர் அளவில் கொடுத்தபோது இக்கோளாறு உள்ள பெண்களின் அறிகுறிகள் குறைந்ததாக 2016இல் ஓர் ஆய்வு வந்தது. அமைதி தரும் என்று நாம் சொல்லும் பொருள் உண்டாவதைத் தடுத்ததால் அவர்களுக்கு அமைதி கிடைத்தது! இதை முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. (இது ஆய்வுச் செய்தி மட்டுமே; கருவுக்குத் தீங்கு செய்யக்கூடிய அந்த மருந்தை யாரும் இதற்காகத் தாமே எடுத்துவிடக் கூடாது.)

இதே கதையின் பெரிய வடிவம் மகப்பேற்றில் நிகழ்கிறது. கருவுற்ற காலத்தில் அல்லோபிரெக்னனலோன் படிப்படியாக உயர்ந்து கடைசி மூன்று மாதங்களில் உச்சத்தில் நிற்கிறது. நஞ்சுக்கொடி வெளிவந்ததும் சில நாட்களில் சரிகிறது. மக்வையரும் மோடியும் 2008இல், டெல்டா துணையலகு இல்லாத பெண் சுண்டெலிகள் ஈன்ற பிறகு குட்டிகளைப் பேணாமல் விட்டதையும், சில வேளை தின்றதையும் விவரித்தார்கள். கருவுறாத காலத்தில் அவை அப்படி மனச்சோர்வுக் குணங்களைக் காட்டவில்லை. அல்லோபிரெக்னனலோனையே மருந்தாக்கிய பிரெக்சனலோனுக்கு, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக, அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. 2024 இறுதியில் விற்பனை நிறுத்தப்பட்ட அந்த மருந்தை 60 மணி நேரம் தொடர்ந்து சிரைவழி செலுத்த வேண்டியிருந்தது. திடீரென உணர்விழக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் அருகிலிருந்து கண்காணிக்கவும் வேண்டியிருந்தது. அதன் வழியில் வந்த சூரனலோன் என்ற விழுங்கும் மருந்துக்கு 2023 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. மாலையில் கொழுப்புள்ள உணவோடு 14 நாட்கள் எடுக்க வேண்டும். எடுத்த பின் 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. நீங்கள் சுவரைப் பிடித்து நடந்ததை நினைத்துப் பாருங்கள். இந்த எச்சரிக்கையின் பொருள் உங்களுக்கு வேறு யாரையும்விட நன்றாக விளங்கும்.

உங்கள் அக்காவை இரண்டு மாதச் சுழற்சிகளுக்கு நாள்தோறும் தன் அறிகுறிகளைக் குறித்துவரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போனால், நோயறிதல் பாதி முடிந்த மாதிரி.

மறுமொழி: ஒரு தாய்

என் மகளுக்கு வலிப்பு உண்டு. மாதவிடாய் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னும் தொடங்கிய மூன்று நாட்களிலுமே பெரும்பாலும் வரும். நாட்காட்டியில் நான் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். வட்டங்கள் மாதந்தோறும் கொத்தாகவே விழுகின்றன. பல ஆண்டுகள் இதைச் சொன்னபோது தற்செயல் என்றார்கள். இதுவும் நீங்கள் பேசும் காரணத்தால்தானா, அம்மா?

மறுமொழி: மனநல மருத்துவர் (பெண்)

ஆம், அம்மா, அதற்கு மாதவிடாய் சார்ந்த வலிப்பு என்றே பெயர். மாதவிடாய்க்குச் சற்று முன் புரோஜெஸ்டிரோன் சரியும்போது அல்லோபிரெக்னனலோனும் சரிந்து, தடுப்பு தளர்கிறது. 2012இல் வெளியான அமெரிக்கப் பல்மைய ஆய்வில், இயற்கைப் புரோஜெஸ்டிரோன் எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது போலி மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. ஆனால் மாதவிடாய் நாட்களையொட்டி வலிப்பு வெகுவாகப் பெருகும் பெண்களுக்குப் பயன் தந்தது. உங்கள் மகள் அந்த வகையில் வருகிறாரா என்பதை உங்கள் சிவப்பு வட்டங்களைக் கொண்டே நரம்பியல் மருத்துவர் கணக்கிடலாம். நாட்காட்டியை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். இப்போது எடுக்கும் வலிப்பு மருந்தில் எதையும் நீங்களாக மாற்ற வேண்டாம். புரோஜெஸ்டிரோனைத் தொடங்கினால் படிப்படியாகவே நிறுத்த வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்வார்கள்; திடீரென நிறுத்தினால் அந்தச் சரிவை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இதே ஏற்பியை நோக்கி ஆக்கப்பட்ட கனாக்ஸலோன் என்ற மருந்துக்கு, சிடிகேஎல்5 குறைபாடு என்ற அரிய மரபணு நோயால் வரும் வலிப்புக்காக 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அல்லோபிரெக்னனலோனின் மூன்றாம் கார்பனில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் உடல் அதை மீண்டும் ஹார்மோன் வேலை செய்யும் வடிவத்துக்குத் திருப்ப முடியாது.

மறுமொழி: மின்முனை

நான் தவளை முட்டையணுக்களில் காபா-ஏ ஏற்பியைத் தோற்றுவித்து மின்னோட்டம் அளக்கிறவன். எழுத்தில் படிப்பதைவிடத் திரையில் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

மிகக் குறைந்த அளவு காபாவை முட்டையணுமீது பாய்ச்சினால், திரையில் ஒரு சிறு குழிவு கீழிறங்கி, காபாவைக் கழுவியதும் மேலேறும். அதே அளவு காபாவோடு நானோமோலார் அளவில் அல்லோபிரெக்னனலோனைச் சேர்த்தால், குழிவு பல மடங்கு ஆழமாகும். ஒற்றைத் துளையை அளப்பவர்கள், துளை நீண்ட நேரம் திறந்தே நிற்பதைக் காண்கிறார்கள். அதைவிட ஆயிரம் மடங்கான மைக்ரோமோலார் அளவுக்குப் போனால் காபாவே தேவையில்லை. ஸ்டீராய்டு மட்டுமே துளையைத் திறந்துவிடும்.

நிலாமுற்றம் சவ்வைப் பற்றிக் கேட்டது நினைவிருக்கிறது. காபாவைக் கழுவினால் மின்னோட்டம் நொடிகளில் பழைய நிலைக்கு வரும். ஸ்டீராய்டைக் கழுவினால் அப்படி வராது. உப்புக் கரைசலை ஓட்டிக்கொண்டே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஏனெனில் அது சவ்வில் தங்கி, அங்கிருந்தே குழிக்குள் போய்வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கரைசலில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரையைச் சேர்த்தால், அது ஸ்டீராய்டைத் தன் நடுக்குழிக்குள் வாங்கிச் சவ்விலிருந்து இழுத்துவிடும். மின்னோட்டக் கோடும் விரைவில் மேலேறும். மயக்கவியல் மருத்துவர் சொன்ன ஆல்ஃபாக்ஸலோன் இப்போது கால்நடை மருத்துவத்தில் மீண்டும் பயன்படுவது இந்தச் சைக்ளோடெக்ஸ்ட்ரினில் கரைத்துத்தான். பிரெக்சனலோன் ஊசியும் அதன் ஒரு வகையில் கரைக்கப்பட்டதே.

மறுமொழி: நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. அக்காவிடம் இன்று காலை பேசினேன். நான் படித்துக் காட்டிய பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு தேதி போட ஒரு குறிப்பேடு கேட்டு வாங்கிக்கொண்டாள்.